இரும்புத் தொட்டியில் கழுவிய கை

எங்கள் ஷாப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரவேண்டும் என்று உத்தரவு வந்த அன்று நான் ஷாப்பில்தான் இருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டையை இடித்துக்கொண்டிருந்தேன்.

ஷாப்புக் கணக்கு எழுதுகிற ரைட்டர் கோவிந்தராஜுலு பட்டைக் கொட்டகை வாசலில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று காகிதத்தைப் பிரித்தார். தரையில் நின்று படித்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவர் தரையில் நின்றால் ரைட்டர் என்று யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வர்ற சனிக்கெழம அவங்கவங்க பசங்கள ஷாப்புக்கு இட்டுகினு வரணும். குளிப்பாட்டி, தல வாரி, தொவச்ச துணி போட்டு இட்டாரணும். நம்ம பசங்க இதுவரிக்கும் ஷாப்ப கண்ணால பாத்ததில்ல. அன்னிக்கித்தான் மொத மொதல்ல பாக்கப் போறாங்க. புரியுதா?"

உலக்கையை நிறுத்திவிட்டு நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் மட்டும் இருபது பேருக்குக் குறையாது. எங்களில் பெரியவளுக்குப் பன்னிரண்டு வயசு இருந்தால் அதிகம்.

எனக்கு எதிரே இடித்துக்கொண்டிருந்த கன்னியம்மாதான் கேட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். வாய் மட்டும் அவளுக்கு ஜாஸ்தி.

"ரைட்டரே, நாங்க வழக்கம்போல வந்துடலாமா, இல்ல யாராவது இட்டாரணுமா?"

"நீயா வரக்கூடாது. உங்கப்பன் கையப் புடிச்சி இட்டாரணும். வந்து, எல்லாத்தையும் ஆச்சரியமா பாக்கணும்."

"சரிங்க. இப்ப பட்டைய இடிக்கலாமா?"

"இடி, இடி" என்று சொல்லிவிட்டு ரைட்டர் கூடையை விட்டு இறங்கினார்.

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்துக்கு ஷாப்பு என்று பெயர். வெளியூர்க்காரர்கள் ஏதோ கடை என்று நினைத்துக்கொண்டு வந்து, பாலாற்றங்கரையில் இறங்கியதுமே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் ஊர் பிரியாணியைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். பதினோரு கடிதம் வந்ததாம். தோலைப் பற்றி ஏழு வாரமாக எழுதுகிறேன். ஒருத்தர்கூட ஒரு கார்டு போடவில்லை. சந்தோஷப்படுங்கள், இந்த வாரமும் பிரியாணி வரும். கொஞ்சம் பொறுங்கள்.

கையுறை போட்ட அம்மாளுக்கு வந்த சந்தேகம்

விஷயம் இதுதான். எங்கள் ஷாப்புத் தோல் பட்டணம் போய், கப்பலேறி லண்டனுக்குப் போகும். அங்கே அது ஒரு அம்மாளின் கையுறையாக மாறியிருக்கிறது. அந்த அம்மாளுக்கு ஒரு நாள் அதைப் போட்டுக்கொள்ளும்போது ஒரு சந்தேகம் வந்ததாம். இந்தத் தோலைச் சின்னப் பிள்ளைகள் தொட்டிருப்பார்களோ?

தொடாமல் எப்படி இருக்கும்? ஆட்டுக்கு அடுத்தபடியாக அந்தத் தோலை அதிகம் தொட்டவர்கள் நாங்கள்தான். ஆனால் அந்த அம்மாள் எங்களைக் கேட்கவில்லை. தோல் வாங்குகிற கம்பெனியைக் கேட்டாள். கம்பெனி பட்டணத்தில் இருந்த தன் துரையைக் கேட்டது. துரை பெரிய சாயபுவைக் கேட்டார். பெரிய சாயபு ரைட்டரைக் கேட்டார். ரைட்டர் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கூடை மேல் ஏறிவிட்டார்.

பெரிய சாயபு எங்கள் முதலாளி. நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. மாதத்தில் இரண்டு நாள் ஷாப்புக்கு வருவார். மிச்ச நாளெல்லாம் வீட்டிலேயே நல்ல மனிதராக இருப்பார். அவர் வருகிற நாள் தெரிந்தால் ரைட்டர் எங்களை ஆற்றங்கரைக்கு விரட்டிவிடுவார். அதனால் ஷாப்பில் பிள்ளைகள் வேலை செய்வது பெரிய சாயபுவுக்குத் தெரியாது என்று ஒரு ஏற்பாடு இருந்தது. தெரியாமல் இருப்பதற்கு அவரும் நிறையச் சிரமப்பட்டார்.

நேரில் பார்த்துப் பதில் எழுதத் துரை வருகிறார், கூடவே துரைசானி வருகிறாள். பாஷை சொல்ல மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வருகிறாள். இந்த மூன்றாவது பெயரைக் கேட்டதும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். கன்னியம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனா வைத்த கைநாட்டு

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போன பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் மிஸ்ஸியம்மா கொடுத்த இலவச இடம். புத்தகம், சிலேட்டு, மத்தியானக் கஞ்சி எல்லாம் அவள் பொறுப்பு. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளையை ஷாப்பு வேலைக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் அன்றைக்கே பெயரை அடித்துவிடுவாள்.

என் நைனா முனிரத்தினம் அந்தக் காகிதத்தில் பெருவிரலை அழுத்தி வைத்தார். மனசார வைத்தார். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா இடிக்கவேண்டிய பட்டை மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. ஒருத்தி இடிக்கிற அளவில்லை அது. முடிக்காவிட்டால் மறுநாள் வேறு ஒருத்தி வந்து உட்காருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் சாயந்தரமும், சனிக்கிழமை முழுக்கவும் உலக்கை பிடித்தேன்.

பட்டைச் சாறு உள்ளங்கையில் ஏறினால் சுலபத்தில் போகாது. பழுப்பும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் மிஸ்ஸியம்மா எல்லாருடைய கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"பிள்ளாய், உன் கரங்கள் ஏன் மஞ்சளாய் இருக்கின்றன?"

"வூட்ல மஞ்சள் அரச்சேன் மிஸ்ஸி."

"நேற்றும் அரைத்தாயே?"

"நேத்தும் கொழம்பு வச்சோம் மிஸ்ஸி."

நான் சொன்ன கணக்குக்கு மஞ்சள் அரைத்திருந்தால் ஈரோட்டு மண்டி ஒரு வாரத்தில் காலியாகியிருக்கும். மிஸ்ஸியம்மா நம்பினாள். அவள் தமிழ் படித்ததெல்லாம் வேதப் புத்தகத்தில். அதில் யாரும் குழம்பு வைப்பதில்லை போலிருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வேலையும் எங்களுக்கு உண்டு. மை காய்ச்சுவது. கடுக்காயைத் தட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, துருப்பிடித்த ஆணிகளை அதில் போட்டு வைப்போம். வெறும் பழுப்புத் தண்ணீர் இரும்பு பட்டதும் கறுகறுவென்று மாறும். மிஸ்ஸியம்மாவே நின்று கிண்டுவாள். ஒரு தரம் எழுதினால் அழியாது என்று அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. இந்த மையை மறந்துவிடாதீர்கள்.

பசங்க கை என்ன தோலா?

ரைட்டருக்குச் சுத்தத்தின் மேல் திடீரென்று ஆசை வந்தது. வேலூர் பஜாருக்கு ஆள் அனுப்பி, இரண்டு பேர் உட்கார்ந்து குளிக்கிற மாதிரி ஒரு இரும்புத் தொட்டி வாங்கி வந்தார். பிள்ளைகள் அதில் கை கழுவிவிட்டு வரிசையில் நிற்பார்களாம். வெள்ளிக்கிழமை காலையிலேயே அதில் தண்ணீர் ரொப்பி ஷாப்பு முற்றத்தில் வைத்தாயிற்று.

நைனா தோல் ஊறுகிற குழிகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஷாப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதே, பட்டைத் தண்ணீருக்குக் கிட்டே இரும்பைக் கொண்டு வராதே என்பதுதான். ஒரு ஆணி விழுந்தால் போதும், ஒரு குழித் தோலும் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்து பாழாகும். அங்கே வாளிகூட மரத்தில்தான். தொட்டியைப் பார்த்ததும் நைனா ஓடி வந்தார்.

"ஐயா, இரும்புத் தொட்டி வாணாங்க. மண்பானை வச்சிடலாங்க."

"துரைக்கு முன்னால மண்பானையா? அறிவு கீதா உனக்கு?"

"பசங்க கைல பட்டச் சாறு ஏறிக்கீதுங்க. இரும்புத் தண்ணி பட்டா கறுத்துப் பூடும்."

"யோவ், தோலுக்குத்தான்யா இரும்பு ஆகாது. பசங்க கை இன்னா தோலா?"

"கையும் தோல்தாங்களே" என்றார் நைனா.

எனக்குத் தெரிந்து நைனா தன் ஆயுளில் பேசிய ஒரே எதிர்ப்பேச்சு அது. ரைட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ போய்க் குழியப் பாரு" என்றார். நைனா போய்க் குழியைப் பார்த்தார்.

அவர் அப்படித்தான். அதற்கும் ஒரு கதை உண்டு. நைனாவின் அப்பா சோளிங்கர் மலையில் டோலி தூக்கியவர். ஏற முடியாத பணக்காரப் பக்தர்களைத் தோளில் சுமந்து நரசிம்மரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நைனாவுக்கு ஐந்தாறு வயசாகும்போதே அவரைத் தன் வேலைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அடிவாரத்தில் பக்தர்கள் விட்டுப்போகிற செருப்புகளுக்குக் காவல் வைத்துவிட்டு, அப்பா மலை ஏறிவிடுவார். பிள்ளை நாள் முழுக்க ஐம்பது ஜோடிச் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெறுங்காலோடு வெயிலில் நிற்கும். எங்கள் குடும்பத்துக்கும் தோலுக்கும் சொந்தம் அங்கே ஆரம்பித்தது. "நிக்கச் சொன்ன எடத்துல நில்லு, யார் இன்னா சொன்னாலும் பேசாத" என்பதுதான் அவருக்குக் கிடைத்த உபதேசம். பிறகு நாற்பது வருஷம் தோல் பதனிட்டார். ஒரு நாளும் காலில் செருப்புப் போட்டதில்லை.

சனிக்கிழமை வேலை கெட்டுப்போகுமே என்று ரைட்டர் இன்னொரு காரியமும் செய்தார். வெள்ளிக்கிழமை பெரிய சாயபு தொழுகைக்குப் போய்விடுவார், ஷாப்புப் பக்கம் வரமாட்டார். அன்றைக்கு எங்களை வரச்சொல்லி இரண்டு நாள் பட்டையையும் இடிக்க வைத்தார். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து இருட்டும்வரை இடித்தேன். இப்படியாக, பிள்ளைகள் வேலை செய்வதில்லை என்று காட்டுகிற நாளுக்காக நாங்கள் இரட்டை வேலை செய்தோம்.

கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்

சனிக்கிழமை காலை நைனா என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். தினமும் நானாக ஓடுகிற வழி. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புக் குழியைத் தாண்டும்போது, "பாத்து வா பவுனு, வழுக்கும்" என்றார். அது வழுக்கும் என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் பிடித்துக்கொண்டேன். பிடிக்க நன்றாகத்தான் இருந்தது.

முற்றத்தில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். மூலையில் செங்கல் அடுப்பில் பிரியாணி அண்டா ஏறியிருந்தது. ஒரு பக்கம் சீரகச் சம்பா வாசனை, இன்னொரு பக்கம் ஊறின தோல் நாற்றம். இரண்டும் முற்றத்தின் நடுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வரிசையில் பதினான்கு பேரைப் பொறுக்கி நிறுத்தினார் ரைட்டர். நடுவில் பளபளவென்று இரண்டு பையன்கள் நின்றார்கள், கோட்டுகூடப் போட்டிருந்தார்கள். தொழிலாளிப் பிள்ளைகளாம். யாரென்று பார்த்தால் ரைட்டரின் சொந்தப் பிள்ளைகள். உருவத்தில் சின்னவள், பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்று கன்னியம்மாவை முதலில் நிறுத்தினார். நெட்டையான என்னைக் கடைசியில், தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாரும் கை கழுவுங்க. தேச்சிக் கழுவணும்."

தொட்டியின் அடியில் ஒரே இரவில் செந்துரு படிந்து தண்ணீர் கலங்கியிருந்தது. நாங்கள் கழுவினோம். துண்டில் துடைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ரைட்டர் குழிப் பக்கம் நின்ற நைனாவை ஜெயித்த மாதிரிப் பார்த்தார். பிறகு ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். துரைமார் வந்தால் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவது அந்தக் கால வழக்கம். வெள்ளைக்காரர்கள் அந்தப் பழத்தை என்ன செய்வார்களோ, யாரும் கேட்டதில்லை.

ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டது. என் உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகைகள் மட்டும் பென்சிலால் கோடு போட்ட மாதிரித் தெரிந்தன. கோடு தடித்தது. காற்றுப் படப்பட விரலெல்லாம் நீலம் பாய்ந்து, பிறகு கறுக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்து மைப் பானையில் நடப்பது என் கையில் நடந்துகொண்டிருந்தது.

ஐயோ, மிஸ்ஸியம்மாவுக்கு இது என்னவென்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுமே! வாரத்துக்கு ஒரு பானை காய்ச்சுகிறவள் ஆயிற்றே! சிலேட்டு, புத்தகம், கஞ்சி எல்லாம் போயிற்று என்று நின்றேன். இனிமேல் தினமும் உலக்கைதான்.

துரை இறங்கினார். துரைசானி இறங்கினாள். வெள்ளை வெளேரென்று கையுறை. பின்னால் குடையோடு மிஸ்ஸியம்மா. பெரிய சாயபு சலாம் போட்டு முன்னே வந்தார். ரைட்டர் ஜாடை காட்ட, கன்னியம்மா முன்னே போய் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். துரைசானி பழத்தை வாங்கிக்கொண்டு, ஆசையாக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கையை எடுத்தபோது வெள்ளைக் கையுறையில் நாலு விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"அரே! இன்னா ரைட்டர் இது?" என்றார் பெரிய சாயபு.

"ஒண்ணுமில்லீங்க சாயபு, மண்ணுல வெளயாடிச்சி" என்று ரைட்டர் கன்னியம்மாவைப் பிடித்து என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, "தேய்டீ, நல்லாத் தேய்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு ஓடினார். கறுப்பு எதனால் வந்ததோ அதிலேயே போய்க் கழுவச் சொன்ன மேதை அவர்.

அங்கே துரை அடுத்தவன் கையைப் பார்த்தார், அதற்கடுத்தவளைப் பார்த்தார். மிஸ்ஸியம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலவே ஒவ்வொரு கையாகத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அரைப் பழம்

பட்டைக் கொட்டகை வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு. அவர்களுக்கு நடுவில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும், மூடின கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கடிக்கிற மாதிரிக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கொடுவாளால் பட்டை வெட்டுகிற நாட்களில் அம்மாவின் கையும் கறுக்கும். கல்யாணம், சாவு என்று வெளியே போவதானால் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துவிட்டுத்தான் போவாள். கன்னியம்மாவுக்கு அம்மா இல்லை. அவள் அப்பா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பின்கட்டில் சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு ஜாடை காட்ட யாருமில்லை. காட்டியிருந்தாலும் அவள் பழம் துரைசானியிடம் போயாயிற்று.

நான் பழத்தைக் கடித்து இரண்டாக்கினேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பாதியைப் பிழிந்து உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தேன். இன்னொரு பாதியைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்தாவது பிள்ளை, பதினோராவது பிள்ளை என்று மிஸ்ஸியம்மா வந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் கன்னியம்மா மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுத்தது.

"பவுனு, போவமாட்டேங்குது பவுனு" என்றாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

என் இடுப்பில் பாதிப் பழம் இருந்தது. இரண்டு அடி தூரம். கையை நீட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மிஸ்ஸியம்மா பார்ப்பாள். பழம் எதற்கு என்று கேட்பாள். என் கை எப்படி வெளுத்தது என்று தெரிந்துவிடும்.

நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன், பேசவில்லை. நைனாவின் மகள்தானே.

மிஸ்ஸியம்மா வந்து என் கையை வாங்கித் திருப்பினாள். கறுப்பு இல்லை. பழைய மஞ்சள்தான். "இவள் மஞ்சள் அரைக்கிற பிள்ளை" என்று துரைசானியிடம் இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

"உன் கனி எங்கே?"

"தின்னுட்டேன் மிஸ்ஸி."

என் முகம் போன கோணலைப் பார்த்து துரை வயிறு குலுங்கச் சிரித்தார். துரைசானியும் சிரித்தாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு மிஸ்ஸியம்மா தொட்டிப் பக்கம் திரும்பினாள். கன்னியம்மா கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கரங்களை எடு."

எடுத்தாள். மைப் பானையில் தோய்த்து எடுத்த மாதிரி இருந்தது.

"நீ பட்டை இடிக்கிறாயா?"

கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டே, "ஆமா மிஸ்ஸி" என்றாள்.

"நம் பள்ளிப் பிள்ளைகளில் வேறே யார் இடிக்கிறது?"

கன்னியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நேற்றுச் சாயந்தரம் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரே உரலில் மாற்றி மாற்றி இடித்தவள்.

"யாரும் இல்ல மிஸ்ஸி. நான் மட்டுந்தான்."

எல்லாருக்கும் திருப்தி

லண்டனுக்குக் கடிதம் போயிற்று. பிள்ளைகள் கை கழுவுவதைத் துரை தன் கண்ணாலேயே கண்டதாக அதில் இருந்ததாம். அத்தனை பிள்ளைகளின் கை கறுத்ததைப் பற்றி அவர் எழுதவில்லை. தோல்காரர் அவர், அது எதனால் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் தோல் நல்ல தோல், விட மனசு வரவில்லை. பெரிய சாயபு இனிமேல் ஷாப்புக்குள் இரும்புத் தொட்டியே வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டார். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் ஷாப்பில் நடந்த ஒரே சீர்திருத்தம் அதுதான். ரைட்டர் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

பிரியாணி எல்லாருக்கும் கிடைத்தது. நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பதினோரு வாசகர்களும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கன்னியம்மாவும் சாப்பிட்டாள். கறுத்த கையால் பிசைந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். நான்தான் இரண்டு வாயோடு இலையை மடக்கினேன், பல் கூச்சம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மிஸ்ஸியம்மா பதிவேட்டில் அவள் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். நாங்கள் காய்ச்சிய மையால்தான். அடிக்கும்போது மிஸ்ஸியம்மாவின் கண் கலங்கியிருந்தது. அவளும் நல்லவள்தான். அந்த நாளில் யார்தான் கெட்டவர்கள்? சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், என்னைத் தவிர ஒருத்தரும் அகப்படவில்லை.

பதிவேடு

நான் படித்து, டிரெயினிங் முடித்து, அதே ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை ஆனேன். காலையில் பிள்ளைகளின் கையைப் பார்க்கிற வழக்கம் அங்கேயும் இருந்தது. நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சுத்தத்தில் கவனம் போதாது என்று இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் குறை எழுதிவிட்டுப் போவார். எழுதட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு ஜூன் மாதம் கன்னியம்மா தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். ஒரே ஊரில் இருந்தும் அத்தனை வருஷமாக அவள் வருகிற தெருவில் நான் போனதில்லை. அவளுக்கு முன்மயிர் அதற்குள் நரைத்திருந்தது. கை அதே பழுப்பு.

"டீச்சர், பாப்பாவச் சேத்துக்கணும்" என்றாள். டீச்சர் என்று அவள் சொன்னது என்னவோ போலிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மகளின் இரண்டு கையையும் பிடித்து என் மேஜை மேல் மல்லாத்தி வைத்தாள். வெளுப்பாக, தோல் சுருங்கிச் சிவந்திருந்தது. குப்பென்று எலுமிச்சம்பழ வாசனை அடித்தது.

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா பவுனு, ஞாபகம் கீதா? அன்னிக்கி உன் மேல அடிச்ச வாசனதான். பாதிய இடுப்புல சொருவிக்கினு நின்ன. பாவாடை ஈரமா இருந்துச்சி."

"தெரிஞ்சேதான் யாரும் இல்லன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"பின்ன? சொல்லியிருந்தா உன் பேரையும் அடிச்சிருப்பா. இன்னிக்கி இந்த நாற்காலில வேற எவளாவது குந்திகினு, கையக் காட்டுன்னுவா." அவள் குரலில் கோபம் இருந்தது. இத்தனை வருஷம் ஆறாத கோபம். "எனக்கு ஒண்ணும் நீ சமாதானம் சொல்லவாணாம். இவளும் பட்டதான் இடிக்கிறா. தெரிஞ்சே சேத்துக்க. அவ்ளோதான்."

பதிவேட்டைத் திறந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் கடுக்காய் மைதான். பேனாவை அவசரமாகத் தோய்த்தேன். புட்டி சாய்ந்து, மை மேஜையில் ஓடி, என் விரல், உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாம் வழிந்தது. துடைக்கத் துணி தேடினேன். அகப்படவில்லை.

கன்னியம்மா குனிந்து என் கையைப் பார்த்தாள். பிறகு தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மகளுக்குத் தேய்த்து மிச்சம் வைத்திருந்த அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"மொதல்ல பேர எழுது. அப்பாலிக்கா தேச்சிக்கலாம்" என்றாள்.

எழுதினேன்.